இரண்டாம் இடத்தில் இருந்தவர்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் மூன்று உறைகள் திறக்கப்பட்டன. பழைய பேருந்து நிலைய நிலத்தை முப்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, அங்கே வணிக வளாகம் கட்டி நடத்துவதற்கான ஒப்பந்தப்புள்ளிகள் அவை.

மூன்று உறைகளையும் ஒட்டியவன் ஒரே ஆள். அவன் அப்போது அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உறையை ஒட்டியவன் அது திறக்கப்படும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவனுடைய முதலாளி வைத்த ஒழுங்கு. கட்டுமான நிறுவனத்தில் அவனுக்கு ஒப்பந்தப் பிரிவு எழுத்தர் என்று பதவி. நகராட்சியின் பழைய ஊழியர்களுக்கு அவன் உறைக்காரர்.

விதி எளிமையானது. நகராட்சி நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதென்றால் குறைந்தது மூன்று பேர் போட்டியிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி விளம்பரம், மறுபடி தேதி. முதலாளிக்குக் காத்திருந்து பழக்கமில்லை. அதனால் அவர் பெயரில் ஓர் உறை, அவருடைய நண்பரான இரும்புக் கடைக்காரர் பெயரில் ஓர் உறை, உறைக்காரனின் அண்ணன் பெயரில் ஓர் உறை. முதலாளி ஜெயிப்பார். மற்ற இரண்டும் தோற்பதற்காகப் போவன.

அண்ணன் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அலுவலக உதவியாளர் முதலில் வெளியே வந்தார். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கியிருந்த மனிதர். எல்லாம் தெரிந்தவர், தெரிந்ததை எல்லாம் வேடிக்கையாகவே வைத்திருந்தவர்.

"என்ன உறைக்காரரே, உங்க அண்ணன் திருந்திட்டாரு போல?"

"ஏன்?"

"இரும்புக் கடைக்காரருக்கு வரிச் சான்றிதழ் இல்லைன்னு தள்ளிட்டாங்க. அது வழக்கம்தான். உங்க அண்ணன் தாள எல்லாம் புதுசா வந்திருக்கற சட்ட ஆபீசர் அம்மா ஒண்ணொண்ணா புரட்டினாங்க. ஒரு குறையும் இல்லையாம். சுத்தமா இருக்குன்னு எழுதிக்கிட்டாங்க. ரெண்டாம் இடம்."

 உதவியாளர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சுத்தமாக இருக்க முடியாது. அண்ணனின் விண்ணப்பத்தில் எப்போதும் ஒரு குறை இருக்கும். அதை வைப்பவன் அவன்தான். அதுதான் அவன் வேலையிலேயே நுட்பமான பகுதி. ஒன்பது வருடத்தில் பதினொரு முறை அண்ணனைத் தோற்கடித்திருக்கிறான். ஒருமுறை செய்ததை மறுமுறை செய்ததில்லை. நூலகக் கட்டடத்தின்போது கூட்டலில் ஒரு பிழை. மீன் சந்தையின்போது முத்திரை இல்லை. வாகன நிறுத்துமிடத்துக்கு உறை கால் மணி நேரம் தாமதமாக வந்தது. அதற்காக எதிர்த் தேநீர்க் கடையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனை அவன் ஒருபோதும் முட்டாளாகத் தோற்க விட்டதில்லை. நூலிழையில் தோற்கிறவராகவே வைத்திருந்தான். அதில் ஒரு மரியாதை இருப்பதாக நினைத்தான்.

இந்த முறை, மூன்றாம் இணைப்பின் அடியில் தேதியை எழுதாமல் விட்டிருந்தான். விட்டது நன்றாக நினைவிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்ததுகூட நினைவிருந்தது.

அலுவலகம் திரும்பியதும் தன் பிரதியை எடுத்துப் பார்த்தான். தேதி இருந்தது. ஐந்து, மூன்று என்ற எண்கள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. அண்ணன் இடது கைக்காரர். அவர் எண்கள்தான் அப்படிச் சாயும். உறைக்காரன் வலது கைக்காரன். அண்ணனின் கையெழுத்தைப் போடப் பழகியிருந்தானே தவிர, எண்களைப் பழகியதில்லை. தேவைப்பட்டதில்லை.

அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு கோப்பை மூடிவிட்டு, கை கழுவப் போனான்.

*

அண்ணன் சிறிய கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தார். சுற்றுச்சுவர், கழிவறை, பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை என்று வேலை எடுப்பார். நகராட்சியில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் என்ற அட்டை வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை. முதலாளியிடம் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாம் தளத்திலிருந்து விழுந்தார். மின்தூக்கிக்கு விட்டிருந்த குழி. சுற்றித் தடுப்பு எதுவும் இல்லை.

பணியிடத்தில் மரணம் என்று எழுதினால் விசாரணை வரும், வேலை நிற்கும், நகராட்சி அனுமதியை ரத்து செய்யும். அதனால் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதப்பட்டது. காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவன் தம்பி. அப்போது அவனுக்கு வேலையில்லை. அடுத்த மாதம் முதலாளியின் அலுவலகத்தில் மேசை கிடைத்தது. அதற்கடுத்த மாதம், அண்ணனின் பதிவு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார் முதலாளி. இறப்பைப் பதிவு செய்யும் அறையும் ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்யும் அறையும் ஒரே தளத்தில், எதிரெதிரே. ஓர் அறையில் அண்ணன் செத்தவர். வராந்தாவைத் தாண்டினால் உயிரோடிருப்பவர். இரண்டு அறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் வழக்கமில்லை.

அண்ணனுக்கென்று ஒரு கைப்பேசி எண் வேண்டியிருந்தது. அந்தக் கைப்பேசி அவன் மேசை இழுப்பறையில், முத்திரைக்குப் பக்கத்தில், அண்ணனின் மூக்குக் கண்ணாடியோடு கிடந்தது. விழுந்த இடத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த கண்ணாடி, கீறல்கூட இல்லை. கைப்பேசி எப்போதாவது அடிக்கும். கம்பி விற்பவர்கள், பெயின்ட் விற்பவர்கள்.

"சார் இருக்காருங்களா?"

"வெளிய போயிருக்காரு."

ஒன்பது வருடமாக அதே பதில். ஒருமுறை ஓடு விற்கும் பெண் ஒருத்தி விடாமல் கேட்டாள்: "எப்பங்க வருவாரு?" வாய் தவறி, "சாயங்காலம் வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டான். அன்று ஐந்து மணிக்குமேல் அவனால் வேலை செய்ய முடியவில்லை. வாசலைப் பார்த்தபடி இருந்தான். ஆறு மணிக்குக் கதவைப் பூட்ட வந்தவர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

போன வருடம் வங்கியில் அவனுடைய சொந்தக் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி போட்டான், பொருந்தவில்லை. மூன்றாவது முறை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஊழியர் தாளைத் திருப்பிக் காட்டி, "சார், இது உங்க பேரே இல்லையே" என்றார். அண்ணனின் பெயர்.

*

ஒன்பது நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது.

புதிய சட்ட அலுவலர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி. யாரோடும் தேநீர் குடிக்காதவர். ஏட்டில் இருந்தும் யாரும் எடுத்துப் பார்க்காத ஒரு விதியை அவர் எடுத்துப் பார்த்திருந்தார். ஒரே நிறுவனத்துக்கு, அல்லது ஒரே குடும்பத்துக்கு, முடிவடையாத நகராட்சித் திட்டங்கள் இரண்டுக்குமேல் இருக்கக் கூடாது. முதலாளியின் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இயக்குநராக இருந்த நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று. முதலாளி எடுத்திருந்த மீன் சந்தை வேலையும் இன்னும் ஒப்படைக்கப்படாததால் அது மூன்று. முதலாளி தகுதியிழந்தார். விதிப்படி இரண்டாம் இடத்தில் இருந்தவரின் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது. உரிமையாளர் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து, சட்ட அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வணிக வளாகத்தின் மாதிரி இருந்தது. விரல் உயர மரங்கள், நகம் அளவு மனிதர்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. உங்க அண்ணன் வந்து கையெழுத்துப் போடட்டும். அடுத்த வாரம் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் குடுக்கட்டும். வேல நம்மளுது, பேரு அவருது."

"யார் போயி கையெழுத்துப் போடறதுங்க?"

"ஏன், நீ எங்கயாவது ஊருக்குப் போறியா?"

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"அந்தம்மா உன்னப் பாத்ததில்ல. அட்டையில இருக்கற போட்டோவுக்கும் உனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு வயித்துல பொறந்தவங்க. கண்ணாடி மட்டும் போட்டுக்கோ."

"விலகிக்கறோம்னு ஒரு கடிதம் குடுத்துட்டா என்னங்க?"

"குடுக்கலாம். மறு ஒப்பந்தம் வைப்பாங்க. அந்தம்மா இணையத்துல போடுவாங்க. எங்கெங்கயோ இருக்கறவன் எல்லாம் பெட்டியத் தூக்கிட்டு வருவான்." முதலாளி கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். "இதுக்கு நான் அஞ்சு வருஷமா அலையறேன்."

"முப்பது வருஷக் குத்தகைங்க அது."

"ஆமா. அதுக்கு மேல போனா அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். அதான் முப்பதோட நிறுத்தியிருக்கு."

"அதச் சொல்லலைங்க. அண்ணன் இன்னும் முப்பது வருஷம் உயிரோட இருக்கணுமே."

முதலாளி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "ஒம்போது வருஷம் இருக்கலையா? அப்படியே இருந்துட்டுப் போறாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட அன்பாக, "இதையெல்லாம் கிளறினா எங்க போயி நிக்கும்னு யோசி. குளியலறைன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தது நான் இல்ல. நீ" என்றார்.

*

தோற்றவருக்குக் கடிதம் அனுப்பும் வழக்கம் நகராட்சியில் இல்லை. பலகையில் ஒட்டுவதோடு சரி. அதனால்தான் ஒன்பது வருடமாக அண்ணன் வீட்டுக்கு எதுவும் போகவில்லை. ஜெயித்தவருக்குப் பதிவுத் தபால் போகும் என்பது உறைக்காரனுக்கு மறந்தே போயிருந்தது.

அண்ணி வீட்டின் முன்னறையில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தார். ஓர் எந்திரம், சான்றிதழ்களுக்கு நெகிழி உறை போடும் இன்னோர் எந்திரம், கம்பியில் தொங்கும் மாதிரிகள். பிள்ளைகள் இல்லை. தனிக்கட்டையான கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அன்று ஞாயிறு இல்லை. அவன் தானாக வரவும் இல்லை. அண்ணி ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

கடிதம் மேசைமேல் இருந்தது.

"உக்காருங்க தம்பி. உங்க அண்ணன் ஜெயிச்சுட்டாராமே."

அவன் உட்காரவில்லை.

"தபால்காரர் கையெழுத்துக் கேட்டாரு. ‘அவர் இருக்காராம்மா’ன்னு கேக்கறாரு. புது ஆளு. என்ன சொல்லன்னு தெரியல. வெளிய போயிருக்காருன்னு சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி கடிதத்தை எடுத்து விரலால் தடவினார். "நல்ல தாளு. லேமினேஷன் போட்டு மாட்டிடலாமான்னுகூட பாத்தேன். இருவது வருஷம் தொழில் பண்ணாரு, நகராட்சி ஒரு பாராட்டு எழுதினதில்ல. இப்பப் பாருங்க. ‘தங்களுடைய நற்பெயரையும் அனுபவத்தையும் கருத்தில் கொண்டு.’"

"அண்ணி—"

"எத்தன தடவ?"

"பன்னெண்டு. பதினோரு தடவ தோத்தாரு."

"எப்படித் தோத்தாரு?"

சொன்னான். நூலகம், மீன் சந்தை, வாகன நிறுத்துமிடம் என்று வரிசையாக. சொல்லச் சொல்ல, தான் அதை ஓர் ஆளின் வாழ்க்கையைப்போலச் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கே கேட்டது. ‘அந்த வருஷம் அண்ணனுக்கு நேரம் சரியில்ல’ என்றுகூட ஓரிடத்தில் சொன்னான்.  யாரோ வாடிக்கையாளர் வாசலில் நின்றபோது, எந்திரம் ஓடவில்லை என்று அண்ணி கைகாட்டி அனுப்பிவிட்டார்.

"பதிவு அட்டைக்குப் போட்டோ ஏது?"

"அட்டையப் புதுப்பிக்கறப்ப உங்க கல்யாணப் படத்துலேர்ந்து வெட்டினது."

"எடுங்க பாக்கலாம்."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். அண்ணி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என் தோள் தெரியுது" என்றார்.

அவன் அதைக் கவனித்ததே இல்லை. அட்டையின் வலது ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு பட்டுத் துணி.

"எப்பப் போகச் சொல்லியிருக்காரு முதலாளி?"

"வியாழக்கிழமை கடைசி நாள். நான் போயி... கண்ணாடி போட்டுக்கிட்டு..."

"நீங்க போயி உங்க அண்ணனா உக்காந்துட்டா, தம்பி, நான் யாரு?"

  அண்ணி எழுந்து உள்ளே போய், குளியலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். சாதாரணக் குளியலறை. ஒரு வாளி, ஒரு குவளை, உலர்ந்த தரை.

"ஒம்போது வருஷமா தினம் அதத் தேச்சுக் கழுவறேன். அங்க யாரும் சாகல. ஆனா பக்கத்து வீட்டுக்காரி பாத்து நடங்கக்கான்னு சொல்லுவா. வீட்டுக்கு வர்றவங்க உள்ள போகத் தயங்குவாங்க. நானே கால் பதிச்சு மெதுவாத்தான் நடக்கறேன், தெரியுமா? நடக்காத ஒண்ணுக்கு நான் பயந்துக்கிட்டு இருக்கேன். நடந்த இடத்துல யாரோ குடியிருக்காங்க, லிஃப்டுல போயிட்டு வந்துட்டு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டினேன். உங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவர எங்கயாவது ஒரு இடத்துல செத்துப்போக விடுங்க தம்பி."

"உண்மையச் சொன்னா ஜெயிலுக்குப் போவேன் அண்ணி."

"தெரியும்."

"வேலையும் போயிடும்."

"சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு. இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றார் அண்ணி. 

*

வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதலாளியின் கார் அவனை நகராட்சி வாசலில் இறக்கிவிட்டது. கண்ணாடியைப் படியேறும்போது போட்டுக்கொண்டான். அண்ணனுக்குக் கிட்டப்பார்வை அதிகம். படிகள் அருகில் வந்தன, விலகின. வராந்தாத் தரை நடுவில் குழிந்தது. குழியைச் சுற்றிக்கொண்டு நடந்தான். எதிரே வந்தவர்கள் அதன்மேலேயே நடந்து வந்தார்கள். அலுவலக உதவியாளர் பெஞ்சில் இருந்தார். அவனைப் பார்த்ததும் எதையோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியைப் பார்த்தார். சொல்லாமல் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார். அவர் அவனிடம் கிண்டல் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

சட்ட அலுவலரின் அறை சிறியது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக மேசைமேல் விழுந்தது.

"உக்காருங்க. நீங்கதான் உரிமையாளரா?"

"ஆமாங்க."

அட்டையை வாங்கிப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அட்டையை வைத்தார். மேசையின் ஓரத்தில் பழைய கோப்புகள் அடுக்காக இருந்தன. எத்தனை என்று எண்ணாமலே அவனுக்குத் தெரிந்தது. பதினொன்று.

"உங்க பழைய விண்ணப்பங்கள எல்லாம் எடுக்கச் சொல்லிப் படிச்சேன். பொறுமையா இருந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"கவனக்குறைவான ஆளுங்க நெறைய பேரப் பாத்திருக்கேன். ஒரே தப்பத் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க. என் வீட்டுக்காரர் சாவிய எப்பவும் கதவுலயே விட்டுட்டு வருவாரு. வேற எதையும் மறக்க மாட்டாரு. நீங்க பதினோரு தப்பும் வேற வேற பண்ணியிருக்கீங்க." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. விலங்கியல் வகுப்பில் ஏதோ ஒரு பூச்சியின் பழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "அதான் உங்கள நேர்ல பாக்கணும்னு இருந்தேன்."

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"சட்டப்படி நான் கேக்க வேண்டியது அட்டையும் கையெழுத்தும்தான். சந்தேகம்ங்கறது ஆவணம் இல்ல. இந்தாங்க, நாப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ போடுங்க."

போட ஆரம்பித்தான். அண்ணனின் கையெழுத்து தடையில்லாமல் வந்தது. முதல் எழுத்தின் வளைவு, நடுவில் ஒரு தூக்கல், கடைசியில் பின்னுக்கு இழுக்கும் கோடு. பத்து, பதினைந்து, இருபது. வெயில் கையில் சுட்டது. கண்ணாடிக்குள் எழுத்துகள் நீந்தின. ஒரு கட்டத்தில் பேனாவை அவன் தள்ளவில்லை, அது போகிற பக்கம் கை போகிறது என்று தோன்றியது. அந்த எண்ணம் அவனைப் பயமுறுத்தவில்லை. சுகமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார், வளாகம் கட்டப்போகிறார், முப்பது வருடம் வாடகை வாங்குவார், முடி நரைக்கும். வெளியே போயிருந்தவர் வந்துவிட்டார். தம்பிதான் எங்கோ போய்விட்டான்.

நாற்பத்தோராம் பக்கம் வேறு மாதிரி இருந்தது. கட்டம் போட்ட படிவம்.

"நீண்டகாலக் குத்தகைங்கறதால வாரிசு விவரம் வேணும். உங்க கையாலயே எழுதணும். மனைவி பேரு, வயசு எழுதுங்க. அவங்க கையெழுத்த அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார் சட்ட அலுவலர்.

மனைவியின் பெயர் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு நேராக ஒரு கோடு.

பேனா கோட்டின்மேல் நின்றது. அண்ணனின் பெயரை ஆயிரம் முறை எழுதியிருக்கிறான், கூசியதில்லை. இந்தப் பெயரை அவன் எழுதியதே இல்லை. வாயால் சொன்னதும் இல்லை. அந்த வீட்டுக்குள் அந்தப் பெண் மணக்கோலத்தில் வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. அம்மா இல்லாத வீடு. அன்று மதியம் முதன்முதலாக அவனைச் சாப்பிடக் கூப்பிட்டவர்.

ஒரு நிமிடம்போல ஆனது. சட்ட அலுவலர் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு அவன் எழுதினான். எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினான்.

அவர் படித்தார். கண்ணைத் தூக்கவில்லை.

"‘அண்ணி’ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"இது உங்க மனைவி பேரா?"

"இல்லைங்க. எங்க அண்ணன் சம்சாரம்."

"உங்க அண்ணன் யாரு?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். அறை சட்டென்று சமதளமாக ஆனது. சட்ட அலுவலரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவன் நினைத்ததைவிடக் களைத்த முகம். மேசைமேல் கிடந்த நாற்பது கையெழுத்துகளைக் காட்டினான்.

"இவருதாங்க. ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போயிட்டாரு. அஞ்சாவது மாடியிலேர்ந்து விழுந்து."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"இறப்புப் பதிவு ரூம்ல இருக்குங்க. ஆனா அதுல குளியலறைன்னு இருக்கும். அதையும் நான்தான் எழுதிக் குடுத்தேன்."

சட்ட அலுவலர் எழுந்து கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து அவன்முன் வைத்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. கடைசியில உங்க கையெழுத்து வேணும். உங்களோடது."

"அது பொருந்தாதுங்க" என்றான் அவன். "பேங்குல கேட்டுப் பாருங்க."

"அப்ப கட்டைவிரல் வைங்க" என்றார் அவர்.

*

வாக்குமூலம் ஆறு பக்கம் வந்தது. ஒப்பந்தப்புள்ளி அந்த மாதமே ரத்து செய்யப்பட்டது. முதலாளியின் நிறுவனமும் அவர் மனைவியின் நிறுவனமும் மூன்று ஆண்டுகளுக்கு நகராட்சி வேலைகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன; முதலாளி மேல்முறையீடு செய்தார், வழக்கு நிலுவையில் இருக்கிறது. சட்ட அலுவலர் எட்டு வாரம் கழித்து வேறு நகராட்சிக்கு மாற்றப்பட்டார். பொய் வாக்குமூலத்துக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் உறைக்காரனுக்கு ஒன்றரை ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பதினோரு மாதத்தில் வெளியே வந்தான். இறப்புக்கான காரணத்தைத் திருத்தக் கோரி அண்ணி கொடுத்த மனு இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவது முறை ஏற்கப்பட்டது. திருத்திய சான்றிதழில் இறந்த இடம் என்பதற்கு நேராகக் கட்டடத்தின் கதவு எண்ணும் தெருவும் எழுதப்பட்டிருக்கின்றன.